தியேட்டருக்குப் படிக்கப் போன பிள்ளை

கிரேக்க நாடகம் படிக்கக் கிரீசுக்குப் போகப்போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கிரேக்கரைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா, ரயில் ஏறினால் இங்கே மெல்பேர்ண் ஓக்லியில் வேண்டியளவு பேர் கோப்பி குடித்துக்கொண்டு இருக்கிறார்களே என்றார். அம்மா அதைக்கூடக் கேட்கவில்லை. முடிவில் சோதனை வைப்பார்களா என்று மட்டும் கேட்டார். வைப்பார்கள் என்றேன். சோதனை இருக்கிற எதுவும் அம்மாவுக்குப் படிப்புத்தான். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அது 2012. மெல்பேர்ணில் ஒரு யூனியில் விஞ்ஞானம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் படிக்கிறவர்களும் வேறு துறையில் ஒரு பாடம் எடுக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். நான் பண்டைய கிரேக்க அரங்கை எடுத்ததற்குக் காரணம் கலைத்தாகம் இல்லை. வெள்ளிக்கிழமையில் வகுப்பு இல்லாத பாடம் அது ஒன்றுதான். வெரிபீயிலிருந்து நாள்தோறும் ரயிலில் நின்றுகொண்டு போய்வருகிறவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ரயிலில் நின்றவர்களுக்குத் தெரியும். எடுத்த பிறகு பாடம் பிடித்துப்போனது. வாய்விட்டுக் கத்துவதற்குப் புள்ளி போடுகிற பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

எங்களுக்குப் படிப்பித்தவர் கழுத்தில் பெரிய பெரிய மணிமாலைகள் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். என்னைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோசம். உன் பண்பாட்டில் ஒப்பாரி உண்டுதானே, அது உன் உடம்பிலேயே ஊறியிருக்கும் என்றார். நான் வளர்ந்தது வெரிபீயில். என் உடம்பில் ஊறியிருந்த ஒரே சோக ஒலி, அடுத்த ரயில் ரத்து என்று பிளாட்போமில் கேட்கிற அறிவித்தல்தான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. கிரீசுக்குப் போகிற கூட்டத்தில் இடம் கிடைக்குமென்றால் உடம்பில் ஒப்பாரியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயர் என்னவோ கோடைகாலப் பயிற்சி. யூலையில் நாலு கிழமை. இங்கே அப்போது மூக்கு உறைகிற குளிர். ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு சூட்கேசுக்குள் வெயில் தொப்பி அடுக்கினேன்.

வினை பிடித்தது மாதா கோயிலில். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஆட்களுக்குத் தமிழ்ப் பூசை நடக்கும். பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணி, ரோல்ஸ், பற்றீஸ், பிறகு பிள்ளைகளின் படிப்பு. கடைசியாகச் சொன்னதுக்குத்தான் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். அங்கே ஒரு அன்ரி இருந்தார். அவருடைய மகன் மருத்துவம் படித்தான். அதை அவர் சொல்லாமல் விட்ட ஞாயிறு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. மழை வருகிறது என்று யாராவது சொன்னால், ஓம், மகனுக்கு வார்டில் வேலை, குடை கொண்டுபோகவில்லை என்பார். அவருக்கு முன்னால் என் அம்மா இரண்டு வருஷமாக 'சயன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நின்றுபிடித்தார்.

மகள் கிரீசுக்குப் போகிறாள் என்று அம்மா வாயைத் திறந்த உடனேயே, அங்கே போய் என்ன படிப்பு என்று அன்ரி கேட்டார்.

"தியேட்டர்" என்றார் அம்மா.

எங்கள் ஆட்களின் தமிழில் இரண்டே இரண்டு தியேட்டர்தான் உண்டு. ஒன்று படம் பார்க்கிற இடம். மற்றது ஆளை மயக்கிப் படுக்கவைத்து வெட்டுகிற இடம். படம் பார்க்கக் கிரீசுக்குப் போகிற பைத்தியம் யாருமில்லை. அன்ரியின் புருவம் ஏறியதை நான் பற்றீஸ் தட்டுக்குப் பின்னால் நின்று என் கண்ணால் கண்டேன். "ஓ, தியேட்டரோ" என்று இழுத்தார். இரண்டாம் வருஷத்திலேயே தியேட்டருக்கு விடுகிறார்களா என்று கேட்டார். அம்மா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். குடித்துவிட்டு, ஓம், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் விடுகிறார்கள் என்றார்.

அதற்குப் பிறகு என் பாடு பெரும்பாடு. அடுத்த முறை மண்டபத்துக்குப் போனபோது ஒரு அங்கிள் பற்றீசைக் கடித்துக்கொண்டே தன் பித்தப்பைக் கல்லின் வரலாற்றைச் சொன்னார். இன்னொருவர் முழங்கால் எக்ஸ்ரேயைக் காரிலிருந்து எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெட்டவேண்டி வருமா பிள்ளை என்றார். நான் டொக்டர் இல்லை, நான் படிக்கிறது நாடகம், மேடையில் ஏறி நடிக்கிற நாடகம் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். தமிழில் சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னேன், கையை ஆட்டியும் காட்டினேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமான பிள்ளையா என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

வீட்டில் அம்மாவோடு சண்டை பிடித்தேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, தியேட்டர் என்றுதான் சொன்னேன், அவர்களாக நினைத்தால் நான் என்ன செய்வது என்று அம்மா வழக்கறிஞர் மாதிரிக் கதைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்த மண்டபத்தில் இரண்டு வருஷம் அவர் நின்ற நிலையை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் கோபம்தான் கூட.

இதை நம்பியவர்களில் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். கராஜை அறையாக்கி அதில் ஒரு அண்ணாவை அம்மா வைத்திருந்தார். மன்னார்ப் பக்கம், அம்மாவின் ஊருக்கு அடுத்த ஊர். வள்ளத்தில் அகதியாக வந்து, கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமில் கிடந்து, முகாம் முகாமாக மாற்றப்பட்டு, கடைசியில் ஒரு தற்காலிக விசாவோடு வெளியே வந்தவர். வெரிபீ சவுத் தோட்டங்களில் கோலிபிளவரும் புரொக்கோலியும் வெட்டுகிற வேலை. விடியமுன் போய் மத்தியானம் திரும்பிவிடுவார். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது கோலிபிளவர் கறி வைக்கிற நாட்களில்தான் ஞாபகம் வரும். அது அநேகமாக எல்லா நாளும்.

அவருடைய வலக்கையில், முழங்கைக்குச் சற்று மேலே, ஒரு செல் துண்டு, வெடித்த எறிகணையின் சிதறல், இருந்தது. கடைசிச் சண்டையில் பட்டது. இங்கே வந்து இறங்கியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது நெஞ்சை மட்டும்தான் எடுத்தார்கள், கை தப்பிவிட்டது. அது தப்பியதுதான் அவருடைய ஒரே நிம்மதி. உடம்பில் செல் துண்டு இருப்பது தெரிந்தால் இயக்கத்தில் இருந்தவன் என்று எழுதிவிடுவார்கள், எழுதினால் திரும்பவும் முகாம், முகாமிலிருந்து ஊருக்குப் பிளேன். முகாமில் எல்லாரும் எல்லாருக்கும் சொன்ன கதை அது. அவர் இயக்கத்தில் இருந்ததே இல்லை. செல்லுக்கு அது தெரியாது.

அதனால் அவர் எந்த டொக்டரிடமும் போகமாட்டார். கை வலித்தால் பனடோல், கூட வலித்தால் இரண்டு பனடோல். இப்படி இருந்த மனிதருக்கு, இருக்கிற வீட்டிலேயே, சொந்தப் பாஷை பேசுகிற ஒரு டொக்டர் முளைத்துவிட்டார் என்று கோயிலில் செய்தி கிடைத்தது.

நான் பயணம் போக முதல்நாள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது குசினி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார்.

"தங்கச்சி, படிச்சுப்போட்டு வந்தாப்பிறகு இந்தக் கையை ஒருக்காப் பாப்பீங்களோ? வெளியில ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

கதிரையை வாசலுக்கு இழுத்துப்போட்டு அவரை இருத்தி நிதானமாகச் சொன்னேன். அண்ணா, நான் டொக்டருக்குப் படிக்கவில்லை, இது கூத்து மாதிரி, முகமூடி போட்டு ஆடுகிறது என்றேன். மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். ஓம் தங்கச்சி, படிப்பு முதல் முடியட்டும் என்றார். அவர் போனதும் அம்மாவைப் பிடித்து, ஊருக்கெல்லாம் என்னவோ சொல்லுங்கள், அந்த மனிதருக்காவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சொல்லுறன் என்றார் அம்மா.

கிரீசில் நாங்கள் பயிற்சி செய்த அரங்கு ஒரு மலைச்சரிவில் இருந்தது. அரைவட்டமாக உட்காரக் கல்வாங்குகள், நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் தொடங்கிக் கைகளை வானத்தை நோக்கித் தூக்குவோம், வயிற்றிலிருந்து கத்துவோம், மத்தியானம் தக்காளி தின்போம், திரும்பவும் தூக்குவோம். அந்த வருஷம் அந்த நாடே நொடித்துப்போய்க் கிடந்தது. நகரத்தில் பாதிக் கடைகள் பூட்டு, சந்திக்குச் சந்தி ஆர்ப்பாட்டம், வேலை போனவர்கள் வங்கி வாசலில் நின்று நிஜமாகவே அழுதார்கள். அவர்களைக் கடந்து பஸ்ஸில் போய், அழுவது எப்படி என்று நாங்கள் பழகினோம்.

எல்லாரும் தங்கள் பண்பாட்டிலிருந்து ஒரு சாவுப் பாட்டைக் கொண்டுவரவேண்டும் என்று ஒருநாள் வீட்டுப்பாடம் தந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. சின்ன வயதிலிருந்து கோயிலில் முழங்காலில் நின்று சொன்ன மன்றாட்டு மாலை மட்டும்தான் மனப்பாடம். அதில் ஒருவர் ஒரு புனிதரின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் எல்லாரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். அதைக் கொஞ்சம் இழுத்து, மூக்கால் அழுது சொன்னேன். மணிமாலை ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பல ஆயிரம் வருஷத்துத் துயரம் அந்தக் குரலில் இருக்கிறது என்றார். அதில் இருந்தது அந்தோனியாரும் சூசையப்பரும். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கிரேக்க நாடகத்தில் வெட்டுக்குத்து ஒன்றும் மேடையில் நடக்காது. எல்லாம் உள்ளே நடக்கும். பிறகு ஒரு தூதன் ஓடிவந்து யார் எப்படிச் செத்தார்கள் என்று விளக்கமாகச் சொல்வான். கூடப் படித்தவர்களுக்கு இது பெரிய புதினம். ஊரில் சண்டை நடந்த 2009இல் எங்கள் வீட்டு ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. கோரஸ் என்று ஒரு கூட்டம் மட்டும் மேடையிலேயே நிற்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்கு எல்லாம் தெரியும். ஐயோ என்னும், பாடும், புத்தி சொல்லும், ஒருநாளும் கதவைத் திறந்து உள்ளே போகாது. என்னைக் கோரஸில் போட்டார்கள். மெல்பேர்ண் தமிழர்களுக்குள் வளர்ந்தவளுக்கு அதற்கு ஒத்திகைகூடத் தேவைப்படவில்லை.

மூன்றாம் கிழமை வீட்டுக்குப் போன் எடுத்தேன். சாப்பாடு, வெயில், தலைமுடி எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், கராஜில் இருக்கிற தம்பியின் கை வீங்கிக் கிடக்கிறது, விரல் விறைக்கிறதாம் என்றார் அம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன்.

"வாறானில்லை, பிள்ளை. தங்கச்சி வரட்டும் எண்டுறான்."

நீங்கள் இன்னும் உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொல்லுறன் என்றார் அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ வெடித்தது. கல்வாங்குகளுக்கு நடுவே நின்று வாழ்க்கையில் ஒருநாளும் கத்தாத மாதிரி அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். கடைசி வாங்கில் இருந்த ரீச்சர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். அன்று பின்னேரம் வகுப்பில் என் குரலில் நல்ல முன்னேற்றம் என்று எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார். நான் மலசலகூடத்துக்குள் போயிருந்து அழுதேன். அங்கே என்ன படித்தேனோ, அந்த அழுகைக்கு அது ஒன்றும் உதவவில்லை.

திரும்பி வந்த அன்று அப்பா விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தார். வீட்டுக்குள் நுழைந்தால், குசினிக்குள் வரவே மாட்டாத அண்ணா குசினிக் கதிரையில் இருந்தார். குளித்து, தலை இழுத்து, பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டு. வலக்கைச் சட்டையை மேலே சுருட்டி விட்டிருந்தார். கை சிவந்து, தோல் மினுங்கி, முழங்கையே தெரியாமல் ஊதியிருந்தது. சின்ன விரலும் மோதிர விரலும் அசையாமல் கிடந்தன. என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

சூட்கேசை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். அண்ணா, எனக்கு இது ஒன்றும் தெரியாது, நான் டொக்டர் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவருடைய முகம் மெல்ல மாறியது. பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

"விளங்குது தங்கச்சி. என்னால உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வரக்கூடாது. நான் கேட்டிருக்கக்கூடாது."

சட்டைக் கையைக் கீழே இழுத்துவிடப் பார்த்தார். வீக்கத்துக்கு மேலால் அது இறங்கவில்லை. டொக்டர் இல்லை என்று நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கண்ணில் நான் டொக்டர்தான். தற்காலிக விசாக்காரனைத் தொடப் பயப்படுகிற டொக்டர்.

மடிக்கணினியைத் திறந்து கடைசி நாள் நாடகத்தைப் போட்டுக் காட்டினேன். வேறு வழி தெரியவில்லை. தலையில் வெள்ளைத் துணி, முகமெல்லாம் களிமண், மாறி மாறி நெஞ்சில் அடிக்கிற ஒரு பெண்கள் கூட்டம், அதில் மூன்றாவதாக நான். அவர் கடைசி வரை பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"ஓம் தம்பி" என்றார் அம்மா. "அவ டொக்டர் இல்லை. நான்தான் எல்லாரையும் அப்பிடி நினைக்க விட்டனான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரைப் பாத்துக்கொண்டு இருந்தனான், அன்ரி?"

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அண்ணா பின்சீற்றில் இருந்து, எப்படிப் பட்டது, எங்கே பட்டது, ஏன் பட்டது என்று கேட்டால் சொல்லவேண்டிய பதில்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவரும் கேட்கவில்லை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், இந்த இரண்டு கேள்விதான் கேட்டார்கள். அவர் இவ்வளவு காலமும் பயந்து பயந்து ஒளித்த துண்டை எடுத்து ஒரு பிளாஸ்ரிக் கிண்ணத்தில் போட்டு, வேண்டுமா என்று கேட்டார் ஒரு தாதி. வேண்டாம் என்றார். இரண்டு மூன்று கிழமை முந்தி வந்திருந்தால் நரம்பைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். அம்மா அதைத் தமிழில் மொழிபெயர்க்காமல் கைப்பைக்குள் எதையோ தேடினார். நான்தான் சொன்னேன்.

அந்த இரண்டு விரலும் பிறகு மடங்கவே இல்லை. கத்தியைப் பிடிக்க முடியாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த தமிழ்ப் பூசைக்கு அம்மா, அண்ணா, நான் மூன்று பேரும் போனோம். எங்களுக்கு முந்தியே செய்தி மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்தது, நல்ல உடுப்பெல்லாம் உடுத்திக்கொண்டு. நான் விமானத்தால் இறங்கிய உடனேயே அந்தக் கையைப் பார்த்து, ஒரே பார்வையில் நோயைக் கண்டுபிடித்து, உயிரைக் காப்பாற்றிவிட்டேனாம். மகன் மருத்துவம் படிக்கிற அன்ரிகூட என் தோளில் தட்டினார். தட்டிவிட்டு அண்ணா பக்கம் திரும்பி, தங்கச்சி உடனே பிடித்ததால் தப்பினீர், இல்லையா என்று கேட்டார்.

அண்ணா இடக்கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். ஒருதரம் அம்மாவைப் பார்த்தார்.

"ஓம் அன்ரி" என்றார். "தங்கச்சிதான் காப்பாத்தினவ."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. இரண்டு விரலைக் கொடுத்த மனிதர், அம்மாவின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார், சும்மா. ரோல்ஸ் தட்டோடு நின்ற அம்மா தட்டை மேசையில் வைத்தார்.

"இல்லை" என்றார். "அவன் எனக்காகப் பொய் சொல்லுறான். என்ர மகள் நாடகம் படிக்கப் போனவ. நான் தியேட்டர் எண்டு சொல்ல, நீங்கள் டொக்டர் எண்டு நினைச்சனீங்கள். எனக்கு அது இனிச்சுது, விட்டிட்டன். அதை நம்பி இவன் காத்திருந்தவன். இவன்ர ரெண்டு விரலும் என்ர வாயாலதான் போனது."

அன்ரி தன் கோப்பைக்குள் பார்த்தார். அண்ணா தேத்தண்ணியை வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து, விடுங்கோ அன்ரி என்று மெல்லச் சொன்னார். அம்மா அவருடைய வலக்கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவரும் பிடித்தார். மூன்று விரல்கள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தன, மற்ற இரண்டும் நீட்டியபடியே நின்றன.